உரும்பிராய்ப் பீர்

உரும்பிராய்
20-1-1937

மகா கனம் பொருந்திய அத்தான் தில்லைநாதன் அவர்களுக்கு,

இதனால் கொழும்பு மாநகரத்தார் சகலருக்கும் அறியத் தருவது யாதெனில்: நேற்றுச் செவ்வாய்க்கிழமை காலை, உரும்பிராய் முருகேசுவின் ஏக புத்திரனாகிய மார்க்கண்டு என்பவனின் மேலுதட்டு இடப்பக்கத்தில் ஏழு மயிர்கள் முளைத்திருப்பது கண்ணாடி மூலம் ஊர்ஜிதம் செய்யப்பட்டது. வலப்பக்கத்திலிருந்து இதுவரை அறிக்கை வரவில்லை. இதை முன்னிட்டு உங்கள் கந்தோருக்கு விடுமுறை விடத் தேவையில்லை.

இனி, அவ்வளவு முக்கியமில்லாத செய்திகள்.

பொங்கலன்று நீங்கள் ஐயாவுக்கு எழுதிய கடிதம் கிடைத்தது. ஐயா அதை முற்றத்தில் நின்று உரத்து வாசித்தார். "இன்றிலிருந்து ஒரு சொட்டும் தொடேன்" என்ற இடத்தில் மட்டும் இரண்டு தரம் வாசித்தார். பிறகு மடித்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். காணி உறுதியும் அந்தத் தட்டில்தான் இருக்கிறது. ஆகவே உங்கள் வாக்குக்கு இந்த வீட்டில் இன்னும் கொஞ்சம் மதிப்பு உண்டு என்று கொள்ளலாம்.

ஐயாவின் தீர்ப்பு இது. அவர் சொன்னபடியே எழுதுகிறேன்: "ஆறு மாசம். ஆடிப் பிறப்பு மட்டும் பாப்பம். உவன் சொன்னபடி நிண்டால் பிள்ளையை அனுப்புறன். இல்லையெண்டால் அவள் இஞ்சைதான்."

அந்தப் பிள்ளையாகிய அக்கா அப்போது பின்னுக்கு நின்று மாட்டுக்குத் தவிடு கரைத்துக்கொண்டிருந்தா. காதில் விழாதது போல இருந்தா. ஆனால் ஒரு வாளிக்குப் போடவேண்டிய தவிடு மூன்று வாளிக்குப் போய்விட்டது. மாடு உங்களை வாழ்த்துகிறது.

அக்கா உங்களுக்கு எழுதமாட்டா. அது தெரிந்ததுதான். கார்த்திகையில் சித்தப்பா வீட்டுக் கலியாணத்தில், நீங்கள் பந்தற்காலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு மாப்பிள்ளை வீட்டாருக்குப் புத்தி சொன்னதையும், அந்தக் கால் உங்களுடன் சேர்ந்து விழுந்ததையும், பந்தல் அந்தக் காலுடன் சேர்ந்து விழுந்ததையும் ஊர் இன்னும் மறக்கவில்லை. அக்கா மறக்க ஊர் விடவுமில்லை. நான் அன்றைக்கு விழுந்து விழுந்து சிரித்தவன். பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்து நிறுத்தினேன்.

ஆகையால் இனி இந்த வீட்டின் வெளிநாட்டு விவகாரங்களுக்கு நான்தான் மந்திரி. குடியால் பிரிந்த குடித்தனத்தைச் சேர்த்துவைக்கும் பொறுப்பு என் தலையில். உங்களுக்கு என்ன கஷ்டம் என்று ஒளிக்காமல் எழுதவும். பதில் எனக்கு மட்டும்.

இப்படிக்கு,
ஏழு மயிர் மீசை மார்க்கண்டு

&nbsp;

வெள்ளவத்தை
28-1-37

தம்பி மார்க்கண்டுவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மீசைக்கு வாழ்த்து.

பந்தலைப் பற்றி நீ எழுதியதை வாசித்துச் சிரிப்பதா, கடிதத்தைக் கிழிப்பதா என்று தெரியவில்லை. இரண்டும் செய்யவில்லை. நடந்தது நடந்ததுதான். அன்றைக்கு உன் அக்கா ஒருவர் முகத்தையும் பார்க்காமல் என் சால்வையைப் பொறுக்கி எடுத்துத் தந்தது மட்டும் எனக்கு நினைவிருக்கிறது. மற்றதெல்லாம் பிறர் சொல்லித்தான் தெரியும். அதைவிடக் கேவலம் என்ன இருக்கிறது?

கஷ்டம் என்ன என்று கேட்டாய். இதுவரை ஒருவரும் கேட்கவில்லை, ஆகவே எழுதுகிறேன். இன்றைக்குப் பதினைந்தாம் நாள். குடிவெறியை நான் தேடவில்லை. முதல் வாரம் தேடினேன், இப்போது இல்லை. பின்னேரம் ஐந்து மணிக்குக் கந்தோர் விட்டு வந்தால் எங்கள் விடுதியில் நாலு கிளாக்கர்மார் வட்டமாக இருந்து பீர் உடைப்பார்கள். நான் கையில் என்னத்தை வைத்துக்கொண்டு இருப்பது? சோடா குடித்துப் பார்த்தேன், குண்டூசி விழுங்குவது போல இருக்கிறது. பார்லித் தண்ணீர் காய்ச்சல்காரனுக்கு உரியது. கடையில் விற்கும் இஞ்சிப் பீர் வெறும் சீனிப்பாணி, பள்ளிக்கூடப் பிள்ளைகள் குடிப்பது. தேத்தண்ணீர் ஏழு கோப்பை குடித்தால் நித்திரை இல்லை.

எனக்கு வேண்டியது அந்தக் கைப்பு. அந்த நுரை. தொண்டையால் இறங்கும்போது "இன்றைய பாடு முடிந்தது" என்று சொல்லுமே, அது. வெறி இல்லாமல் அது மட்டும் கிடைத்தால் ஆறு மாதம் என்ன, அறுபது வருஷம் இருப்பேன். அப்படி ஒன்று உலகத்தில் இல்லைப் போலும்.

இதை அங்கே ஒருவருக்கும் வாசித்துக் காட்டாதே. அக்கா சுகமா?

இப்படிக்கு,
தில்லைநாதன்

&nbsp;

உரும்பிராய்
12-2-37

அன்புள்ள அத்தானுக்கு,

இல்லைப் போலும் என்று எழுதினீர்களே, அந்த "போலும்" என்ற சொல்லுக்குள் நான் புகுந்துவிட்டேன். இன்றுமுதல் அது உலகத்தில் உண்டு. பெயர்: உரும்பிராய்ப் பீர். இது உங்கள் நுரைக்கு நான் எழுதும் உரை.

முதலில் தோல்விகள். பெரியவர்கள் தோல்வியையும் எழுதிவைப்பார்கள். பாகற்காய்ச் சாறும் சோடாவும்: நான் குடித்தேன், எங்கள் நாய் குடிக்க மறுத்தது. வேப்பிலையும் சீனியும்: எனக்கு வயிற்றில் பூச்சி இருந்திருந்தால் அன்றோடு செத்திருக்கும். கொத்தமல்லியும் மிளகும்: அம்மா வந்து, யாருக்குத் தடிமன் என்று கேட்டா.

அதன்பிறகுதான் மூளை வேலை செய்தது. பீர் ஆவது தானியமும் இனிப்பும் என்று பள்ளிக்கூடத்து இங்கிலிஷ்ப் புத்தகம் ஒன்றில் கண்டேன். நம்மிடம் இல்லாத இனிப்பா? ஊர்க் கள்ளுத் தவறணையை வாக்குப் போட்டு மூடி இரண்டு வருஷமாகிறது. எங்கள் வளவுப் பனைகளைச் சீவும் கனிசியஸ் இப்போது பனங்கட்டிக்குத்தான் சீவுகிறார். மண் முட்டிக்குள் சுண்ணாம்பு பூசி இறக்கும் சுத்தமான கருப்பநீர், வெறியே இல்லாத பதநீர். மதுவிலக்குச் சபைத் தலைவரே காலையில் வந்து ஒரு செம்பு குடித்துவிட்டுப் போவார். அதில் ஒரு முட்டி வாங்கினேன்.

ஆனால் சுண்ணாம்பு மணம் உங்களுக்கு ஆகாதே என்று யோசித்து, அதைத் தெளியவைத்து நாலு தரம் துணியில் வடித்தேன். புது மண்ணின் வாசமும் ஆகாது என்று, பதப்பட்ட பழைய முட்டி ஒன்றைத் தேடிப்பிடித்து அதில் ஊற்றினேன். இஞ்சி தட்டிப் போட்டேன். வேப்பம்பட்டை ஒரு விரல் நீளம். மூடி, புகையிலைக் குடிலுக்குப் பின்னால் மூன்று நாள் வைத்தேன்.

அத்தான், மூன்றாம் நாள் நுரை தானாகவே வந்தது. சோடாக் கடைக்காரன் இயந்திரம் வைத்துச் செய்வதை நான் சும்மா இருந்தே செய்துவிட்டேன்.

சோதிக்காமல் அனுப்புவேனா? நானே மூன்று பேணி குடித்துப் பார்த்தேன். என்ன அருமையான கைப்பு! குடித்த உடனே எனக்கு உலகத்தார் எல்லோர் மீதும் ஒரு அன்பு உண்டாயிற்று. எங்கள் ஆட்டுக்கு வணக்கம் சொன்னேன். தோட்ட வரம்பு சற்று நெளிந்து கிடந்தது, அது வெயிலின் குற்றம். பிறகு குடிலடியிலேயே படுத்து ஆறுதலாக நித்திரை கொண்டேன். உடம்புக்கு இவ்வளவு நல்லது என்று நானே எதிர்பார்க்கவில்லை.

கொழும்புக்குச் சுருட்டுக் கொண்டு போகும் ஆளிடம், சுருட்டுப் பெட்டிக்குள் வைக்கோல் சுற்றி இரண்டு போத்தல் அனுப்புகிறேன். தக்கையைக் கயிற்றால் கட்டியிருக்கிறேன், உள்ளே இருக்கும் சரக்கு அவ்வளவு உயிருள்ளது. ஐந்து மணிக்கு அந்த நாலு பேருக்கு முன்னால் உடைக்கவும்.

இப்படிக்கு,
உரும்பிராய்ப் பீரின் பிரமா

&nbsp;

வெள்ளவத்தை
22-2-37

மார்க்கண்டு,

போத்தல் இரண்டும் நேற்று வந்தன. நீ எழுதியபடி ஐந்து மணிக்கு, நாலு பேருக்கு முன்னால் கயிற்றை அவிழ்த்தேன். தக்கை தானாகப் பறந்தது.

மணம் வந்தது. அந்த மணத்தை எனக்கு ஒருவரும் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. நீ அனுப்பியது கள்ளு. நல்ல கள்ளு.

இது உன் பகிடியா? நீ பகிடிக்காரன் என்று எனக்குத் தெரியும். மாப்பிள்ளைத் தோழனின் செருப்புக்குள் தவளை விட்டவன் நீதான் என்பதும் தெரியும். ஆனால் இது தவளை அல்ல. நேற்று எனக்கு முப்பத்தொன்பதாம் நாள்.

எவ்வளவு நேரம் அந்தப் போத்தலைக் கையில் வைத்திருந்தேன் என்று தெரியவில்லை. ஊரிலிருந்து வந்தது, உன் கையால் வந்தது, பீர் என்று எழுதி வந்தது. குடித்தால் யார் என்னைக் குற்றம் சொல்வார்கள் என்றெல்லாம் மனம் கணக்குப் போட்டது. பிறகு எழுந்து வெளியே போய், தெருவோரத்துக் கழிவுநீர்க் கானுக்குள் ஊற்றினேன். பக்கத்து அறைக்காரர் ஓடிவந்து, "உதை ஏன் காணும் ஊத்திறீர்? எனக்குத் தாருமன்" என்று கையைப் பிடித்தார். கொடுத்திருக்கலாம். கொடுத்தால் அவர் குடிப்பதைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பேன். இரண்டாவது போத்தலையும் உடைத்து ஊற்றினேன். கடைசிச் சொட்டு விழும்வரை நின்றேன்.

பெருமையடித்துக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை. ஆனாலும் என் வயதுக்கு நான் செய்த காரியங்களில் ஒருவருக்குச் சொல்லக்கூடியது இது ஒன்றுதான். அதைச் சொல்ல உன்னைத் தவிர வேறு ஆள் இல்லை என்பது இன்னொரு கஷ்டம்.

இனி ஒன்றும் அனுப்பாதே.

தில்லைநாதன்

&nbsp;

உரும்பிராய்
3-3-37

அத்தான்,

பகிடி இல்லை. சத்தியமாக இல்லை.

கனிசியஸிடம் போய்க் கேட்டேன். எந்த முட்டியில் ஊற்றினாய் என்று கேட்டார். காட்டினேன். மனுஷன் இருந்த இடத்திலேயே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "தம்பி, உது பழைய தவறணை முட்டி. பத்து வருசம் கள்ளுக் குடிச்ச மண். சுண்ணாம்பையும் வடிச்சுப்போட்டு அதுக்குள்ளை ஊத்தினால் வேறை என்ன வரும்?" என்றார். சிறு பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். சுண்ணாம்பு இருக்குமட்டும்தான் கருப்பநீர், போனால் கள்ளு. எனக்குத் தெரியாததல்ல, அதிகம் தெரிந்தவன் என்ற நினைப்பில் மறந்துபோனேன். அப்படியென்றால் நான் ஆட்டுக்கு வணக்கம் சொன்னதும் வெயிலால் அல்ல.

ஐயாவுக்குத் தெரிந்தால் என் தோலை உரித்துப் புகையிலையுடன் காயப்போடுவார். நீங்கள் அன்றைக்குக் குடித்திருந்தால் அது என்னால் வந்திருக்கும்.

இன்னொன்று. உங்கள் கடிதத்தை என் சரித்திரப் புத்தகத்துக்குள் வைத்திருந்தேன். அக்கா மேசை துடைக்கும்போது எடுத்து வாசித்துவிட்டா. நான் வந்து பார்க்க, கதிரையில் இருந்து இரண்டாம் தரம் வாசித்துக்கொண்டிருந்தா. கடிதத்தைத் திரும்ப அதே பக்கத்தில் வைத்துவிட்டுக் குசினிக்குள் அடுப்படிக்குப் போய்விட்டா.

என்னை மன்னித்துவிட்டேன் என்று இரண்டு வரி எழுதுவீர்களா? ஒரு வரியானாலும் போதும்.

மார்க்கண்டு

&nbsp;

உரும்பிராய்
7-4-37

அன்புள்ள அத்தானுக்கு,

நீங்கள் அனுப்பிய ஒன்றரை வரி கிடைத்தது. "மன்னித்தேன், படி" என்பதில் பாதி வரி எனக்குப் பிடிக்கவில்லை. ஆனாலும் முழுவதையும் ஏற்றுக்கொள்கிறேன்.

இனி ஒன்றும் அனுப்பாதே என்ற உத்தரவை மீறி ஒரு பெட்டி வருகிறது. பயப்படவேண்டாம். இது வேறு பிறவி. நெருப்பில் குளித்து வந்தது. ஐயாவே ஒரு பேணி குடித்தார். குடித்தபின் நேர்கோட்டில் தோட்டத்துக்குப் போய் நேர்கோட்டில் வந்தார். நான் பின்னாலேயே போய்ப் பார்த்தேன்.

செய்முறையை மேலோட்டமாகச் சொல்கிறேன். குரக்கனை ஊறவைத்து, முளைக்கட்டி, வெயிலில் காயவிட்டு, கறுத்துவிடாமல் வறுத்து இடித்தது. கருப்பநீரை அன்றன்றே, ஒரு நாழிகையும் வைக்காமல், பாதியாகக் காய்ச்சியது. கைப்புக்கு வேப்பம்பூ, பட்டையல்ல, பூ. இப்போது மரமெல்லாம் பூத்துக் கொட்டுகிறது. இஞ்சி. எல்லாம் கொதித்தபடியே போத்தலுக்குள் போகிறது. ஆகவே புளிக்க நேரமில்லை.

நுரைக்கு ஒரு உபாயம். பெட்டிக்குள் காகிதப் பொட்டலங்கள் இருக்கும், உள்ளே அப்பச்சோடா. பேணியில் ஊற்றியபின் அரைத் தேசிக்காய் பிழிந்து, பொட்டலத்தில் ஒரு சிட்டிகை போடவும். நுரை எழும்ப எழும்பக் குடிக்கவும். ஆறவிட்டால் அது கஷாயம்.

இவ்வளவையும் இந்த வயதில் ஒருவன் கண்டுபிடித்தான் என்றால் அவன் எப்பேர்ப்பட்டவனாக இருக்கவேண்டும் என்று நீங்களே யோசிக்கவும்.

இப்படிக்கு,
தோல்வியை நுரையாக்கிய வீரன்

&nbsp;

வெள்ளவத்தை
19-4-37

அன்புள்ள தம்பிக்கு,

பெட்டியை மூன்று நாள் திறக்காமல் கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தேன். நாலாம் நாள், விடுதியில் ஒருவரும் இல்லாத நேரம் பார்த்து ஒரு போத்தலைத் திறந்து மணந்தேன். கள்ளு மணம் இல்லை. வறுத்த குரக்கனும், அதற்குப் பின்னால் எங்கேயோ தூரத்தில் வேப்பம்பூவும். தேசிக்காய் பிழிந்து பொட்டலத்தைப் போட்டேன். நுரை விளிம்புவரை எழும்பி நின்றது.

தம்பி, எப்படி எழுதுவது? முதல் வாயில் இனிப்பு வந்து, நான் ஏமாந்துவிட்டேன் என்று நினைக்கும்போது கைப்பு வந்து இனிப்பைத் தள்ளிவிட்டது. பிறகு இஞ்சி நெஞ்சுக்குள் இறங்கியது. பேணியைக் கீழே வைத்துவிட்டு வெறுமனே இருந்தேன். அன்றைய பாடு முடிந்தது.

மறுநாள் ஐந்து மணிக்கு நானும் அவர்களோடு வட்டத்தில் போய் இருந்தேன். மூன்று மாதத்தில் முதல்முறை. நான் பொட்டலம் போட்டு நுரை எழுப்பியதைக் கண்டு ஒரு வாய் கேட்டார்கள். பக்கத்து அறைக்காரர், அதுதான் அன்றைக்கு என் கையைப் பிடித்தவர், "உது எங்கத்தையான் சாமான்?" என்று கேட்டார். "உரும்பிராய். என்ரை மச்சான் செய்யிறவன்" என்று சொன்னேன். அதைச் சொல்லும்போது எனக்கு வந்த பெருமையை நீ பார்க்கவில்லை. அவரும் இன்னொருவரும் தாங்களும் குடியை விட்டுப் பார்க்கப்போவதாகச் சொல்கிறார்கள். பக்குவத்தை விபரமாக எழுது. வேப்பம்பூவை எத்தனை பிடி? எப்போது போடுவது? கருகாமல் எப்படி வறுத்தாய்?

நீ படிப்பிலும் இப்படிப் பொறுமை காட்டினால் என்னவாவாய் என்று நினைக்கிறேன். இவ்வளவு நிதானம் உன்னிடம் இருக்கும் என்று நான் அறியவில்லை.

அக்கா சுகமா என்று முதல் கடிதத்திலேயே கேட்டேன். நீ அந்த வரியை மட்டும் வாசிப்பதில்லைப் போல.

அன்புடன்,
தில்லைநாதன்

&nbsp;

உரும்பிராய்
4-5-37

அன்புள்ள அத்தானுக்கு,

அக்கா சுகம். வாசித்துவிட்டேன், பதிலும் எழுதிவிட்டேன்.

உங்கள் கடிதத்தை வீட்டில் உரத்து வாசித்தேன். "என்ரை மச்சான் செய்யிறவன்" என்ற இடத்தை மூன்று தரம் வாசித்தேன். ஐயா என்னை ஒரு புது மனுஷனைப் பார்ப்பது போலப் பார்த்தார். அம்மா திருஷ்டி கழித்தா. அக்கா மட்டும் சிரித்தா, அதுவும் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு.

பக்குவம் கேட்டீர்கள். அத்தான், அது தொழில் இரகசியம். வேப்பம்பூ எத்தனை பிடி என்பது பிடிக்கிறவனின் கையைப் பொறுத்தது. வறுப்பது கண்ணையும் மூக்கையும் பொறுத்தது. இவற்றைக் கடுதாசியில் எழுத முடியாது. ஞானம்போல உள்ளே இருந்து வரவேண்டும். அந்த இரண்டு கிளாக்கர்மாருக்கும் சேர்த்து இம்முறை பத்துப் போத்தல் அனுப்புகிறேன். பூவை உலர்த்தி இரண்டு பானை நிறைய வைத்தாயிற்று, ஆடிவரை காணும்.

இன்னும் பெரிய செய்தி. எங்கள் மதுவிலக்குச் சபையின் ஆண்டுவிழா ஆனி மாதம் பதின்மூன்றாம் நாள், ஜூன் 27 ஞாயிற்றுக்கிழமை. சபைச் செயலாளர் இரத்தினம்மா ரீச்சர் ஐயாவிடம் ஒரு பேணி வாங்கிக் குடித்துவிட்டு, என்னைக் கூப்பிட்டு விசாரித்தா. ஊரில் குடியை விட்டவர்கள் பலர் பின்னேரம் என்ன செய்வதென்று தெரியாமல் திரும்பவும் தொடங்குகிறார்களாம். இது பெரிய தொண்டாம். விழாவில் என்னை மேடையில் ஏற்றி மெடல் குத்துவார்கள். மீசை இப்போது இரு பக்கமும் அறிக்கை கொடுத்துவிட்டது. மெடலுக்குப் பொருத்தமாக இருக்கும்.

நான் ஒருவன் பிறந்திராவிட்டால் நீங்கள் என்ன ஆகியிருப்பீர்கள் என்று சில வேளை நினைத்து வருந்துவதுண்டு.

இப்படிக்கு,
மதுவிலக்கின் விளக்கு

&nbsp;

வெள்ளவத்தை
15-6-37

அன்புள்ள தம்பிக்கு,

மெடலுக்கு முன்கூட்டியே வாழ்த்து. போத்தல்கள் வந்தன. இங்கே இப்போது மூன்று பேர் ஆகிவிட்டோம்.

இன்றைக்கு நூற்று ஐம்பத்து மூன்றாம் நாள். எண்ணுவதை விட்டுவிடலாம் என்று நினைத்தேன், கை தானாகக் கலண்டரில் கோடு போடுகிறது. ஆடிப் பிறப்புக்கு லீவு கேட்டு எழுதிக் கொடுத்துவிட்டேன். கிடைக்கும். கிடைக்கும் என்று தெரிந்த பிறகுதான் பயம் வந்திருக்கிறது.

ஐயா சொன்ன சொல் தவறமாட்டார். அனுப்பு என்றால் அனுப்புவார். ஆனால் அனுப்பப்பட்டு வருவது வேறு. ஐந்து மாதமாக உன் அக்காவிடமிருந்து ஒரு சொல் இல்லை. நான் தெருவாசலில் வந்து நிற்கும்போது அவள் முகத்தில் அந்தப் பந்தல் மட்டும்தான் தெரியுமென்றால், நான் கானுக்குள் ஊற்றியதெல்லாம் எதற்கு என்று கேட்கத் தோன்றுகிறது. இல்லை, அப்படியும் இல்லை. ஊற்றியது எனக்காகத்தான். ஆனாலும் அவளுக்குத் தெரியவேண்டும்.

நீ விளையாட்டை விட்டு ஒரு கேள்விக்கு மட்டும் பதில் எழுது. நான் இங்கே எப்படி இருக்கிறேன் என்பதைப் பற்றி அவள் எப்போதாவது கேட்டாளா? நீ எனக்குப் போத்தல் அனுப்புவதையாவது அறிவாளா? உண்மை எதுவானாலும் எழுது. அதற்கேற்றபடி வருகிறேன், அல்லது வராமல் விடுகிறேன்.

அன்புடன்,
தில்லைநாதன்

&nbsp;

உரும்பிராய்
29-6-37

அன்புள்ள அத்தானுக்கு,

உங்கள் கடிதத்துக்கு உடனே பதில் எழுதாததற்குக் காரணம், உண்மை எழுதச் சொன்னீர்கள். எனக்கு அதில் பழக்கம் குறைவு.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்கிறேன். பாடசாலைப் பந்தலில் நல்ல சனம். முன்வரிசையில் ஐயா. ஒரு பக்கம் பெண்கள், அதற்குள் அம்மாவும் அக்காவும். மேடையில் எனக்கு மெடல் குத்துவார்கள் என்று நினைத்துச் சட்டையை இரண்டு தரம் தோய்த்துப் போட்டுக்கொண்டு போனேன். போனால், மேடையில் அடுப்பு மூட்டி, சட்டி வைத்து, குரக்கனும் கருப்பநீரும் பூவும் வரிசையாக வைத்திருக்கிறது. இரத்தினம்மா ரீச்சர் எழுந்து, எல்லோரும் பார்த்துப் பழகும்படி தம்பி மார்க்கண்டு இப்போது உங்கள் முன்னால் செய்து காட்டுவார் என்று சொல்லிவிட்டா.

அத்தான், நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா தலையைக் குனிந்து கொண்டா.

பூவை வறுத்தேன். கருகிப் புகை எழும்பி முன்வரிசை முழுவதும் இருமியது. சட்டி கொதித்து அடுப்பை அணைத்தது. ஆறவிடாமல், அளவு தெரியாமல், பொட்டலம் முழுவதையும் கொட்டித் தேசிக்காயைப் பிழிந்தேன். அது எழும்பிச் சபைத் தலைவரின் பட்டுச் சால்வையில் போய் இறங்கியது. பின்னுக்கிருந்து ஒருவர், "தம்பி, உதைக் குடிக்கிறதை விடத் தவறணையைத் திறந்துவிடலாம்" என்றார். பந்தல் முழுவதும் சிரிப்பு. கார்த்திகையில் நீங்கள் நின்ற இடம் எப்படி இருக்கும் என்று எனக்கு அப்போது விளங்கியது.

அப்போதுதான் அக்கா பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்து வந்தா. ஊர் முழுவதும் பார்க்க மேடையில் ஏறி, என் கையிலிருந்த அகப்பையை வாங்கினா. "உனக்குச் செய்யத் தெரியுமோ பிள்ளை?" என்று ரீச்சர் கேட்டா.

"ஓம் ரீச்சர். மாசி முடிய முந்தித் தொடங்கி நான்தான் செய்யிறன். என்ரை மனுசன் குடியை விட்டிட்டார். கையிலை வந்த கள்ளை, தனக்குத் தாவெண்டு கேக்க ஆள் நிக்க, கானுக்குள்ளை ஊத்தினவர். அவருக்காகச் செய்தது. ஊருக்கும் உதவுமெண்டால் பழகுங்கோ."

சிரித்தவர்கள் ஒருவரும் அதன்பிறகு சிரிக்கவில்லை. அக்கா செய்து முடித்தா. எல்லோருக்கும் ஒவ்வொரு வாய் கிடைத்தது. தலைவர் ஈரச் சால்வையோடு இரண்டாம் பேணி கேட்டார். ஐயா குடித்துவிட்டுப் பேணியைப் பார்த்தபடி, "இன்னும் பத்தொன்பது நாள் கிடக்கு" என்றார். பேணியைக் கீழே வைத்துவிட்டு, "லீவு முந்திக் கிடைச்சால் முந்தி வரச் சொல்லு" என்றார்.

இனி உங்கள் கேள்விக்குப் பதில். அறிவாவோ என்று கேட்டீர்கள். அத்தான், நான் அனுப்பிய முதல் இரண்டு போத்தலைத் தவிர மற்ற எல்லாம் அக்கா செய்தவை. உங்கள் கடிதத்தை வாசித்துவிட்டுக் குசினிக்குள் போனாவே, அன்றைக்கே குரக்கன் ஊறப்போட்டா. ஒரு மாதம் சட்டி சட்டியாக வைத்து, ருசி பார்த்து, ஊற்றி, திரும்ப வைத்தா. தான் செய்வதாக உங்களுக்கு எழுதக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினா. ஏன் என்று கேட்டதற்கு, "எனக்காக விட்டவரெண்டால் என்னோடை கோவம் வரேக்கை திரும்பத் தொடங்குவார். தனக்காக விடட்டும்" என்றா. யார் செய்ததாக எழுதுவது என்று கேட்டேன். உன் பெயரைப் போடு என்றா. போட்டேன். ஆனால் வீரன், விளக்கு, ஞானம் என்பதெல்லாம் அக்கா சொல்லிப் போட்டதல்ல.

மெடலை ரீச்சர் அக்காவுக்குத்தான் குத்தினா, அது இப்போது அக்காவின் தையற்பெட்டிக்குள் இருக்கிறது. நான் கேட்டுப் பார்த்தேன், ஒரு பின்னேரம் மட்டும் குத்திப் பார்க்கத் தந்தா.

இந்தக் கடிதத்தையும் அக்கா வாசித்தா. "அவர் வரேக்கை நான் ஸ்ரேசனுக்கு வாறன் எண்டு எழுது" என்று சொல்லிவிட்டு, நாலு இடத்தில் நான் கூட்டி எழுதியிருந்ததை வெட்டச் சொன்னா. வெட்டிவிட்டேன். மிச்சமிருப்பது உண்மை. அந்த வேலையில் என் பங்கு போத்தல் கழுவியது. அதிலும் மூன்றை உடைத்தேன்.

இப்படிக்கு,
போத்தல் கழுவிய மார்க்கண்டு